தேயிலைக்குள் இரண்டு இலைகளா?

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர்ப் பக்கத்துச் சிறு விவசாயிகள் தொழிற்சாலைக்கு அனுப்புவது 'பச்சைத் தேயிலை'. அதற்குக் கிடைக்கும் கிலோ விலையை வைத்தே அங்கே ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கு ஓடுகிறது. நீலகிரியில் ஒரு நாளில் இதைவிட அதிகம் புழங்கும் சொல் வேறு இருக்குமா என்பது ஐயமே. அந்தச் சொல்லின் பின்பாதியான 'இலை' நம்முடையது. அதில் சிக்கல் இல்லை. முன்பாதியான 'தே' எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன பொருள்?

சீனத்திலிருந்து வந்தது என்ற சுருக்கமான விடை தவறன்று. ஆனால் அந்த விடையோடு நின்றுவிட முடியவில்லை. சீனத்தில் அச்சொல்லைக் குறித்த எழுத்துக்கே ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. அந்த எழுத்தைச் சீன அறிஞர்களும் ஜப்பானியப் பௌத்தர்களும் வெவ்வேறு வகையில் கையாண்டிருக்கிறார்கள். அண்மைக் கால மொழியியலாளர் சிலர், அந்தச் சீனச் சொல்லின் அடியிலேயே 'இலை' என்ற பொருள் இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் நாம் சொல்லும் தேயிலை, 'இலையிலை' என்றாகும்.

ஒரு கோடு கூடிய எழுத்து

இன்று சீனத்திலும் ஜப்பானியத்திலும் தேநீரைக் குறிக்கும் எழுத்து எல்லாருக்கும் தெரிந்தது. மேலே புல்லைக் குறிக்கும் உறுப்பு; நடுவே மனிதன் என்ற எழுத்தைப் போன்ற இரு சாய்கோடுகள்; கீழே மரம் போன்ற வடிவம். புல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் மனிதன் நிற்கிறான் என்று இதற்கு அழகாக விளக்கம் சொல்வதுண்டு. ஜப்பானியர் இதே எழுத்தை எண்களாகப் பிரித்து, மேலே இரண்டு பத்து, கீழே எண்பத்தெட்டு, ஆக 108 எனக் கூட்டி, நூற்றெட்டு வயது நிறைவைத் 'தேநீர் வயது' என்று கொண்டாடுகிறார்கள். இரண்டும் இனிய கற்பனைகள். எழுத்தின் பிறப்பை இவை விளக்கவில்லை.

பிறப்பை விளக்குவது இதைவிட ஒரு கிடைக்கோடு கூடுதலாகக் கொண்ட, இன்று அரிதாகிவிட்ட இன்னோர் எழுத்து. தற்காலச் சீனத்தில் அதன் ஒலி 'தூ'. மேலே புல், கீழே ஒலியைக் காட்டும் உறுப்பு என்பது அதன் அமைப்பு. கி.பி. 100 அளவில் தொகுக்கப்பட்ட 'ஷுவோவென்' அகராதி அதைக் கசப்புச் செடி என்று விளக்குகிறது. பழைய சீனப் பாடல் தொகுப்பில் அவ்வெழுத்து ஓரிடத்தில் கசப்புக் கீரை. வேறோர் இடத்தில் நாணல் வகையின் வெண்பூ. கசப்பு என்ற பொருளிலிருந்து துன்பம், கேடு என்ற பொருள்களும் அதற்கு வந்து சேர்ந்தன. பத்தாம் நூற்றாண்டில் ஷுவோவென்னைச் செப்பனிட்ட சூ ஷ்வான், இதுவே இன்றைய தேநீர் எழுத்து என்று அந்த இடத்தில் குறித்துவைத்தார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே எழுத்து கீரைக்கும் தேயிலைக்கும் நின்ற காலத்தில், எந்த ஏட்டில் எது என்று எப்படிப் பிரிப்பது? கி.மு. 59-இல் சிச்சுவான் பகுதியில் வாங் பாவ் எழுதிய வேலையாள் ஒப்பந்தம் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. அந்த எழுத்து குறிக்கும் பொருளைக் காய்ச்ச வேண்டும் என்று ஓரிடத்திலும், அதை வூயாங் ஊருக்குப் போய் வாங்கிவர வேண்டும் என்று மற்றோரிடத்திலும் அதில் வருகிறது. கீரை வாங்க அவ்வளவு தொலைவு ஆளை அனுப்புவார்களா என்ற நியாயமான கேள்வியால், பின்னதைப் பலரும் தேயிலை என்றே கொள்கிறார்கள். முன்னது கீரையாகவும் இருக்கலாம்.

மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சான்று எழுத்துச் சான்றைவிட உறுதியானது. கி.மு. 141-இல் இறந்த ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறை வளாகத்தில் கிடைத்த தாவர எச்சம் தேயிலையே என்று 2016-இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். இலை அரண்மனைக்கு வந்துவிட்டது. அதற்கென்று தனி எழுத்து பிறக்க இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின.

கோட்டை நீக்கியது யார்?

இதற்கு மரபான விடை இரண்டு. முதல் விடை தேநீர் நூலின் ஆசிரியர் லூ யூ வழியாக வருவது. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், தேயிலைக்கு வழங்கிய ஐந்து பெயர்களைப் பட்டியலிடுகிறார். எழுத்தைச் சிலர் புல் உறுப்போடும், சிலர் மர உறுப்போடும், சிலர் இரண்டோடும் எழுதுவதையும் குறிப்பிடுகிறார். கோடு குறைந்த வடிவம், 735-இல் பேரரசர் ஷ்வான்சுங் பெயரில் வெளிவந்த அகராதியில் உள்ளது என்பது அங்கே தரப்படும் செய்தி. இதன்படி மாற்றம் அரசவையிலிருந்து வந்தது. ஆனால் அந்த அகராதி அழிந்துபோயிற்று. லூ யூவின் நூலுக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிப்போ 1273-ஐச் சேர்ந்தது. இடைப்பட்ட ஐந்து நூற்றாண்டுகளில் படியெடுத்தவர்கள் தங்கள் காலத்து வடிவத்தை நூலுக்குள் எழுதியிருக்கமாட்டார்கள் என்று உறுதிகூற முடியாது. ஓலைச்சுவடிகளோடு பழகிய தமிழருக்கு இந்த ஐயத்தை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் விடை சீன அறிஞர் கூ யென்வு (1613-1682) தந்தது. இந்த வழக்கில் என் மதிப்புக்கு மிக உரியவர் அவரே. ஏட்டை விட்டுவிட்டுக் கல்லைத் தேடிப் போனார். சீனத்தின் தாய்ஷான் மலையில் உள்ள தாங் அரசமரபுக் காலக் கல்வெட்டுகளில், 779-இலும் 798-இலும் தேநீரைக் குறிக்கும் இடங்களில் பழைய எழுத்தே இருக்கக் கண்டார். 841, 855 ஆண்டுக் கல்வெட்டுகளில் அந்த ஒரு கோடு குறைந்திருந்தது. ஆகவே மாற்றம் தாங் காலத்தின் நடுப்பகுதிக்குப் பின் நிகழ்ந்தது என்று முடிவுசெய்தார். அவருடைய முறை இன்றும் கல்வெட்டியலாளர் போற்றத்தக்கது. முடிவை மட்டும் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். கோடு குறைந்த வடிவம் சில ஹான் கால முத்திரைகளிலேயே தென்படுவதாகப் பின்வந்தவர்கள் சுட்டியிருக்கிறார்கள். கூ யென்வு கண்டது ஒரு வடிவத்தின் பிறப்பு நாளன்று, அது பழையதை வென்ற காலம் என்பதே பொருத்தம்.

அவர் காட்டிய சான்றில் இன்னொரு நுட்பம் உண்டு. 855 ஆண்டுக் கல்வெட்டு ஒரு பௌத்தத் துறவியின் நினைவுக்கல். அங்கே கோடு குறைந்திருப்பது எரியூட்டலைக் குறிக்கும் சொல்லில். தேநீருக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பில்லை. கீரையிலிருந்து தேநீரைப் பிரித்துக்காட்ட வேண்டுமென்றே ஒரு கோட்டை நீக்கினார்கள் என்ற பரவலான விளக்கம் இங்கே வலுவிழக்கிறது. பிரித்துக்காட்டுவது நோக்கமென்றால், எரியூட்டலில் கோட்டை ஏன் எடுக்க வேண்டும்? முதலில் எழுதுவோர் கை வேகத்தில் கோடு தேய்ந்தது. பிறகு இரு வடிவங்களும் பொருளைப் பங்கிட்டுக்கொண்டன. இந்த வரிசையே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

மண்டலத்தில் மறைந்திருக்கும் எழுத்து

பழைய எழுத்து ஜப்பானில் இன்றும் உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் இந்தியச் சொற்களுக்குள். எரியூட்டலுக்கான 'தபி' என்ற சொல் அதனால் எழுதப்படுகிறது. அதன் மூலம், எரித்தலைக் குறிக்கும் பாலி வினை. டாகினி என்ற தெய்வத்தின் பெயரிலும் அதுவே முதலெழுத்து. 'மண்டலம்' என்ற வடசொல்லை ஜப்பானியர் 'மந்தாரா' என்பார்கள். அதன் நடு எழுத்தும் இதுவே. கூகாய் என்ற துறவி சீனத்திலிருந்து மண்டல ஓவியங்களோடு ஜப்பான் திரும்பியது 806-இல். ஜப்பானியப் பேரரசர் ஒருவருக்குத் தேநீர் அளிக்கப்பட்டதாக அந்நாட்டு வரலாற்றேடு சொல்வது 815-இல். கூ யென்வு கண்ட கற்களில் பழைய எழுத்துக்கும் புதிய எழுத்துக்கும் நடுவே விழும் காலம் சரியாக இதுதான்.

பழைய ஒலியை அறிய இந்தப் பௌத்தச் சான்று பெரிதும் உதவுகிறது. 'மண்டலம்' என்பதன் 'ட'வைக் காட்ட அந்த எழுத்தைத் தேர்ந்தார்கள் என்றால், அன்று அதன் முதலொலி நாவை வளைத்து ஒலிக்கும் 'ட' போன்றது என்று பொருள். ஒலியியலாளர் வேறு வழிகளில் கண்டடைந்ததும் ஏறத்தாழ 'ட்ரா' என்ற வடிவமே. அந்த ஒலியைத் தற்காலச் சீனர் பயின்றுதான் சொல்ல வேண்டும். நமக்கு அது இயல்பு.

கசப்பா, இலையா?

சொல்லின் வேர் பற்றியும் இரு பெரும் கருத்துகள் உள்ளன. கசப்புச் செடியின் பெயரே, சுவை ஒப்புமையால், கசக்கும் இந்த இலைக்கும் நீண்டது என்பது மரபான கருத்து. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பழஞ்சீன அகராதிக்குக் குவோ பு எழுதிய உரை இதற்குத் துணை நிற்கிறது. இலையைக் காய்ச்சிக் குடிக்கத்தக்க சிறு மரம் ஒன்றை அவர் வருணித்து, சிச்சுவான் பகுதியாகிய ஷூ நாட்டு மக்கள் அதைக் கசப்பு என்ற அடையோடு சேர்த்து அழைப்பதைச் சொல்கிறார். இக்கருத்தின் குறை அந்த அடையிலேயே இருக்கிறது. பெயரே கசப்பு என்று பொருள்பட்டால், மறுபடி கசப்பு என்ற அடை எதற்கு?

மற்றக் கருத்து தென்மேற்கிலிருந்து வருகிறது. தேயிலையின் தாயகம் சீனத்தின் தென்மேற்கும் அதை ஒட்டிய மலைகளும். தேநீர்ப் பழக்கம் வடக்கே பரவியது சின் அரசு ஷூ நாட்டைக் கைப்பற்றிய பிறகே என்று கூ யென்வுவும் கருதினார். ஆகவே இலையோடு அந்த மலை மக்களின் சொல்லும் வந்து, ஒலி நெருங்கிய பழைய எழுத்தில் ஏறிக்கொண்டிருக்கலாம். மொழியியலாளர் லோரான் சகார், பர்மியக் கிளை மொழிகளில் இலையைக் குறிக்கும் 'லா' என்ற வேரைச் சுட்டினார். பழஞ்சீன வடிவம் 'ல்ரா' போன்றது என்பது அவரும் வில்லியம் பாக்ஸ்டரும் செய்த மீட்டுருவாக்கம். விக்டர் மேரும் எர்லிங் ஹோவும் 2009-இல் வெளியிட்ட தேநீர் வரலாற்றில், ஆஸ்திரோ-ஆசிய மொழிகளின் 'லா'வை மூலமாகக் காட்டினார்கள். வியட்நாமிய மொழியில் இலை 'லா'. மேகாலயத்தின் காசி மொழியில் 'ஸ்லா'.

இக்கருத்து கவர்ச்சியானது, தாவரத்தின் நிலவியலோடும் ஒத்துப்போகிறது. ஆனால் மீட்டுருவாக்கத்தின் மேல் எழுப்பிய கட்டடம் இது; எந்த மொழிக் குடும்பம் கொடுத்தது என்பதிலேயே அதை ஆதரிப்போர் ஒன்றுபடவில்லை. நம் 'இலை'யையும் இந்த 'லா'வோடு சேர்த்துவிடத் துடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 'இலை' தனக்கென்று திராவிட இனச்சொற்கள் உடையது. இரண்டோர் ஒலி ஒத்தால் உறவு ஆகிவிடாது.

தமிழ்க் கரைக்கு எந்தக் கப்பல்?

'ட்ரா' என்ற ஒலி சீனத்தின் பெரும்பகுதியில் 'சா' ஆயிற்று. ஃபூஜியன் கடற்கரையின் மின் கிளைமொழிகள் மட்டும் பழைய வெடிப்பொலியைக் காத்து 'தெ' என்றன. உலக மொழிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையே பகிர்ந்துகொண்டன. மொழியியலாளர் ஓஸ்தென் டால் 230 மொழிகளை வைத்து வரைந்த நிலப்படத்தில் 109 மொழிகள் 'சா' பக்கம், 84 மொழிகள் 'தே' பக்கம். தரைவழியும் சீனக் கரையின் மக்காவ் நகரில் தங்கிய போர்ச்சுகீசியரும் 'சா'வைப் பரப்ப, ஃபூஜியன் வணிகரோடு பழகிய டச்சுக்காரர் 'தே'வை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள்.

தமிழுக்கு முதலில் வந்த ஐரோப்பியர் போர்ச்சுகீசியர். சாவி, சன்னல், அலமாரி, மேசை எல்லாம் அவர்கள் தந்தவை. அவர்களுடைய 'சா' மட்டும் இங்கே தங்கவில்லை. அவர்கள் காலத்தில் தேயிலை தமிழ்க் கரைக்கு ஒரு பொருட்படுத்தத்தக்க சரக்காக வரவில்லை என்பதற்கு இது ஓர் அறிகுறி.

அடுத்த வாய்ப்பு டச்சுக்காரர். பழவேற்காட்டில் 1610 முதலும் நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரையும் இருந்தவர்கள் அவர்கள். இலங்கைக் கரையிலும் 1796 வரை அவர்கள் ஆட்சி. துட்டும் கக்கூசும் தமிழுக்கு அவர்கள் வழி வந்தவை. அவர்கள் சொல் 'தே' என்றே ஒலிக்கும். சிங்களத்திலும் தேநீர் 'தே' என்பது இதற்கு வலுச் சேர்க்கிறது.

ஆங்கிலத்தை ஒதுக்கிவிடலாம் என்று பலரும் எண்ணுவது, இன்றைய உச்சரிப்பு 'டீ' என்பதால். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பலர் 'டே' என்றே சொன்னார்கள்; அலெக்சாண்டர் போப்பின் எதுகை அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே மதராஸ் வழியாகப் பழைய ஆங்கிலமும் 'தே'வைத் தந்திருக்க இயலும். புதுச்சேரியின் பிரெஞ்சுச் சொல்லுக்கும் இதே தகுதி உண்டு.

ஐரோப்பியரையே நம்பியிருக்கத் தேவையில்லை என்பது நான்காவது கருத்து. மலாய் மொழியில் தேநீர் 'தே'. அது ஃபூஜியன் மக்களிடமிருந்து நேரே பெற்றது. மலாக்காவிலும் பினாங்கிலும் கடை வைத்த நாகூர், காயல்பட்டினத்து மரைக்காயர்கள் அச்சொல்லை அங்கேயே கேட்டிருப்பார்கள். ஐரோப்பியக் கப்பல்களை மட்டும் எண்ணும் வழக்கத்தால் இந்த வழி போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒலி மட்டும் போதாது. எல்லாருமே 'தே' என்றவர்கள். சொல்லின் ஆக்கமே ஓரளவு உதவுகிறது. தமிழ் 'தேயிலை' என்கிறது, மலையாளம் 'தேயில', தெலுங்கு 'தேயாகு'. தெலுங்கில் 'ஆகு' என்றால் இலை. மூன்று மொழிகளும் வந்த சொல்லோடு தத்தம் இலையைச் சேர்த்துக்கொண்டன என்றால், அது முதலில் குடிக்கும் பானமாக அன்றி, பெட்டியில் வந்த உலர்ந்த இலையாக அறிமுகமாயிற்று எனலாம். கடற்கரை நெடுகப் பரவிய வணிகச் சரக்கின் பெயர் அது. குடிக்கும் பானத்துக்கு மலையாளம் 'சாயா' என்று வேறொரு வழியில் வந்த சொல்லை வைத்திருப்பதும் இதற்கு இணங்குகிறது.

தேய்ந்த இலையும் தேனான நீரும்

அயற்சொல் என்பதையே மறுக்கும் விளக்கங்களும் உண்டு. தேய்த்து உருட்டப்படும் இலை ஆதலால் தேய் + இலை என்பது ஒன்று. இலக்கணப்படி இதில் பிழை காண முடியாது. 'தேய்' நெடில் கொண்டதால் யகரம் இரட்டிக்காது. வினைத்தொகையாகத் 'தேயிலை' என்றே புணரும். 'தே' என்ற பெயரோடு 'இலை' சேர்ந்து இடையில் யகரம் உடம்படுமெய்யாக வந்தாலும் அதே வடிவம்தான். 'தே' இனிமையைக் குறிக்கும், தேமா என்பதில் போல, என்பது மற்றொன்று.

இவற்றை வீழ்த்துவது 'தேநீர்'. வினையடி 'தேய்' என்றால் அது 'தேய்நீர்' ஆகியிருக்க வேண்டும். இலங்கைத் தமிழரின் 'தேத்தண்ணீர்' பிறந்திருக்காது. தெலுங்குச் சொல்லையும் தமிழ் வினையால் விளக்க முடியாது. பலர் 'தேனீர்' என்று எழுதுவது, தேனை அதற்குள் கேட்பதால் நேரும் பிழை. வந்த ஒலிக்கு நம் பொருளைப் பூட்டிப் பார்ப்பது மக்கள் இயல்பு. ஊட்டிக்கே அது நேர்ந்தது. தோடர் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து' என்ற சொல்லை உடைய பெயரின் மேல் 'உதகம்', 'மண்டலம்' என்ற வடசொற்கள் ஏறி, இன்று அரசுப் பெயராக நிற்கின்றன.

நடுவட்டத்துச் சீனர்

நீலகிரியில் ஒரு தனி விளக்கம் சொல்லப்படுவதுண்டு: சீனக் கைதிகள் இங்கே தேயிலை பயிரிட்டார்கள், சொல்லும் அவர்களோடு வந்தது என்று. கைதிகள் வந்தது உண்மை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியிருந்த சீன-தமிழ்க் குடும்பங்களை எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்திருக்கிறார். மலாக்கா நீரிணைப் பகுதிச் சிறைகளில் இடம் போதாமல் நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர்கள், தண்டனை முடிந்தபின் தமிழ்ப் பெண்களை மணந்து தங்கினார்கள் என்கிறார். காய்கறி, சிறிதளவு காப்பி, கறவை மாடு என்பவையே அவர் சொல்லும் பிழைப்பு.

அந்த நீரிணைப் பகுதியில் ஃபூஜியன் மக்கள் மிகுதி. அவர்களும் 'தெ' என்றே சொல்லியிருப்பார்கள். ஆயினும் சொல்லை அவர்கள் கொண்டுவந்தார்கள் என்பது பொருந்தாது. ஒரு மலைச்சரிவில் வாழ்ந்த சில குடும்பங்களின் சொல் தெலுங்குக் கரைவரைக்கும் இலங்கைக்கும் பரவியிருக்க வழியில்லை. கேத்தியின் அரசுப் பண்ணையில் 1830-களிலேயே தேயிலை நட்டுப் பார்த்துவிட்டார்கள். சீனக் கைதிகள் வருவதற்கு முன்பே செடி வந்துவிட்டது. இந்த விளக்கம் நிலைப்பதற்குக் காரணம், பெயரும் நினைவுக்கல்லும் இல்லாத அந்த மனிதர்களுக்கு ஏதேனும் ஒரு பங்கைத் தர வேண்டும் என்ற நியாயமான உணர்வாக இருக்கலாம். அவர்கள் வரலாற்றில் இடம்பெறச் சொல்லாராய்ச்சியின் துணை தேவையில்லை.

இன்னும் தீராதவை

தமிழ்த் 'தே' ஃபூஜியன் கரையிலிருந்து கடல்வழி வந்தது என்பது உறுதி. சீன எழுத்தில் கோடு தேய்ந்தது படிப்படியாக என்பதும் ஏறத்தாழ உறுதி. அந்தச் சொல்லின் வேர் இலையா என்பது வலுவான ஊகம்; அதற்குமேல் இன்று சொல்ல முடியாது. தமிழுக்குக் கொண்டுவந்தவர் டச்சுக்காரரா மரைக்காயரா என்பதில், இரண்டு வழிகளிலும் வந்திருக்கலாம் என்ற பக்கமே நான் சாய்கிறேன்.

இதைத் தீர்க்கும் சான்று சீனத்தில் இல்லை. தமிழ் ஏடுகளில் இருக்க வேண்டும். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, தரங்கம்பாடி மிஷனரிகளின் சொற்கோவைகள், நாகூர், காயல்பட்டினத்து வணிகக் கணக்குகள் ஆகியவற்றை இந்த ஒரு சொல்லுக்காக வரிவரியாகத் தேட வேண்டும்.

பேச்சு வழக்கையும் உடனே பதிவுசெய்தாக வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் குடியமர்ந்த, அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் லயன் குடியிருப்புகளில் 'தேத்தண்ணி', கூடலூர், பந்தலூர்க் கடைகளில் 'சாயா', ஊட்டிப் பேருந்து நிலையத்தில் 'டீ' என மூன்று வழிகளில் வந்த மூன்று சொற்களும் ஒரே மாவட்டத்தில் வழங்குகின்றன. 'தேத்தண்ணி' சொல்லும் முதல் தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. பேரப்பிள்ளைகள் 'டீ' என்கிறார்கள். நீலகிரிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஒரு கோடை விடுமுறையை இதற்கு ஒதுக்க வேண்டும்.